பொன்மணியின் போனில் பயனுள்ளது மட்டும்

புதுப் போனில் பயனுள்ளது மட்டும்தான் இருக்கும் என்று தனபாலன் தீர்மானித்துவிட்டார். போன் அவருடையதல்ல, மனைவி பொன்மணியுடையது. புனேயில் இருக்கும் மகள் ஷண்முகப்ரியா அம்மாவுக்கென்று வாங்கி அனுப்பியது. ஆனால் அந்த வீட்டில் எது பயனுள்ளது என்று முடிவு செய்கிற இலாகா, கல்யாணமான நாளிலிருந்து தனபாலன் கையில்தான் இருந்தது.

அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவின் மூத்த விற்பனையாளர். ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குத் திருவிழா. விடுமுறை செவ்வாய், அன்று பகல் முழுக்கத் தூங்குவார். அடையாறில் இருக்கும் சிநேகிதி ஜெயஸ்ரீயைப் பார்க்கப் போக வேண்டும் என்று பொன்மணி கேட்கும்போதெல்லாம் அவர் பதில் ஒன்றுதான்: “நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர்கள் இருப்பது மந்தைவெளி. மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் நடுவே ஓர் ஆற்றுப் பாலம்தான். மகள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டு போய்விட்டாள். பொன்மணி இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை.

தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. பஸ்ஸில் நசுக்கிவிடுவார்கள். ஆட்டோக்காரரிடம் பேரம் பேச அவளுக்கு வராது. இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. கடையிலிருந்து போன் அடித்தால் அவள் வீட்டிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது பொழுதாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை, காபியோடு போனையும் எடுத்துக்கொண்டு பொன்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எதெது போடலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. மாடி வீட்டு சீதா ஒரு கேம் சொன்னா. மிட்டாயா உடைக்கிறது.”

“உடைச்சா?”

“இன்னும் மிட்டாய் வரும்.”

“வந்தா?”

“அதையும் உடைக்கணும்.”

“வீட்டுல தேங்கா கெடக்கு, அத உடை. அடுத்தது?”

“மூஞ்சிய சின்னப் பொண்ணு மாதிரி காட்டற ஆப் ஒண்ணு.”

“யாருக்குக் காட்டப்போறே?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கு இதுவே பழகிப்போச்சு. வேண்டாம்.”

“சரிங்க. பாட்டுக்கு வாயசைச்சு ஆடி வீடியோ போடறது? சீதாவும் அவ மாமியாரும் சேந்து போட்டிருக்காங்க.”

தனபாலன் டம்ளரைக் கீழே வைத்தார். “இந்த வீட்டுல அது நடக்காது.”

“சரிங்க. தாயம் உருட்டற கேம்? யார்யாரோ கூட வெளையாடலாம்.”

“யார்யாரோன்னா?”

“தெரியாதவங்கதான்.”

“போதும்.”

ஒவ்வொரு ‘சரிங்க’வுக்கும் அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை. பொன்மணி போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு இருக்கு. உங்களுக்குப் புடிக்காது. விடுங்க.”

“என்னது?”

“நல்லாத்தான் இருக்கு. நமக்கு சரிப்படாது.”

“சரிப்படுமா படாதான்னு நான் சொல்றேன். காட்டு.”

“ஆட்டோ கூப்பிடறது. நீங்க கடையில இருக்கறப்ப எனக்குத் தல சுத்தல் கில சுத்தல்னா ஆஸ்பத்திரிக்குப் போக. எவ்வளவுன்னு அதுலயே வந்துடுமாம், பேரமே கெடையாதாம். ஆனா எனக்கு எங்க சுத்தப்போவுது? பேசாம அந்த மிட்டாயையே…”

“மிட்டாயாம். இத்தன குப்பையில உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான். இதப் போய் வேண்டாங்கறே.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே டவுன்லோட் செய்தார். வீட்டு விலாசத்தை அவரே அடித்தார். எப்படிக் கூப்பிடுவது, வண்டி வந்ததும் எந்த எண்ணைச் சொல்வது என்று இரண்டு முறை பாடம் நடத்தினார். அவள் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

“நீங்க சொன்னா சரிதாங்க” என்றாள்.

அன்று மத்தியானம் அவருக்கு நல்ல தூக்கம்.

ஞாயிறு மாலை கடையில் முகூர்த்தக் கூட்டம். தேனாம்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள், கல்யாணப் பெண்ணோடு வந்திருந்தார். சாம்பல், துரு நிறம், கறுப்புக் கரை என்று கல்யாணத்துக்கு யாரும் தொடாததையெல்லாம் தனபாலன் முதலில் விரித்துப் போட்டார். அம்மாள் தள்ளிக்கொண்டே வந்தார். தள்ளித் தள்ளி அவர் கை ஓயட்டும் என்று தனபாலன் காத்திருந்தார். பிறகு ஒரு மாம்பழ மஞ்சளைப் பாதி பிரித்து, உடனே மடித்தார்.

“இது உங்களுக்குப் புடிக்காதும்மா. எடுத்து வச்சிடறேன்.”

“ஏன், காட்டுங்க.”

எப்போதும் இந்த இடத்தில் அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். இன்று கை அப்படியே நின்றுவிட்டது.

சேலையைப் பக்கத்து விற்பனையாளர் ராம்குமாரிடம் கொடுத்துவிட்டு மாடிப்படி ஓரமாகப் போய்ப் பொன்மணிக்குப் போன் போட்டார். வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் ஒரே காற்றுச் சத்தம்.

“எங்க இருக்கே?”

“பெசன்ட் நகர் பீச்சுல. ஜெயஸ்ரீ கூட. சோளம் தின்னுட்டிருக்கோம்.”

“தல சுத்தினாத்தானே ஆட்டோன்னே?”

“வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா சுத்தாதாங்க?”

ஜெயஸ்ரீ ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். பொன்மணி இப்படிச் சிரித்துக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று தனபாலன் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

“இந்த வித்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டே?” என்றார், கடைக்குள் யாருக்கும் கேட்டுவிடாமல்.

“உங்ககிட்டதான். வருஷா வருஷம் தீபாவளிக்கு என்னையும் உங்க கடையில உக்கார வச்சு இப்படித்தான விரிச்சுப் போடறீங்க.”

“அதெல்லாம் புடிச்சுத்தான எடுத்தே?”

அலை ஒன்று வந்து திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

“இந்தத் தீபாவளிக்கு நானே ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துக்கறேங்க” என்றாள் பொன்மணி. “வேற கடையில.”