ரெண்டே சீட்டு

எங்கள் வீட்டில் கார் வாங்கினால் அது ரெண்டே சீட்டு உள்ள காராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்பத்து நாலாம் வருஷம் பொங்கலன்று நான் சபதம் எடுத்தேன். வாய்விட்டு அல்ல, மனசுக்குள். கல்யாணமான ஆண்கள் சபதத்தை அங்கேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம், என் மாமியார் ராஜமதி அம்மாள். அவர் இருப்பது விழுப்புரம், நாங்கள் திண்டிவனம். வாடகைக் கார் வைத்துத் திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்கப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, முன் சீட்டு அவருக்கு. பின் சீட்டில் என் மனைவி சந்திரகாந்தா, மாமியாரின் கூடைகள், தண்ணீர்க் கூஜா. இடம் மிச்சமிருந்தால் நான்.

இப்படி நசுங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் கார் புரோக்கர் சவுரிராயன் என் பாத்திரக் கடை வாசலில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு நிறம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். பாண்டியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கேன்வாஸ் துணி, அவ்வளவுதான். உள்ளே எட்டிப் பார்த்தேன். ரெண்டே சீட்டு! மாமியார் சீட்டு கிழிந்தது என்று மனம் கூத்தாடியது.

"இன்னிக்குப் பூரா ஓட்டிப் பாருங்க மொதலாளி. புடிக்கலேன்னா சாயந்திரம் எடுத்துக்கினு போய்டறேன்" என்று சாவியை நீட்டினார்.

வீட்டுக்கு ஓட்டிப் போனேன். காந்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காரை ஒரு முறை வலம் வந்தாள்.

"ஏங்க, இதுக்கு மூடி எங்க?"

"மூடி இல்லாததுதான் அழகு. காத்து வரும்."

"மூடி இல்லாத குக்கரை உங்க கடையில எவனாவது வாங்குவானா?"

"இது காரு, காந்தா! லைட் வெயிட்டு!"

"லைட்டு ரெண்டு தெரியுது. வெயிட்டைத்தான் காணோம். ஆடிக் காத்துல பறந்து பாண்டிக்கே திரும்பிப் போய்டப் போவுது."

"எஞ்சினைப் பத்திக் கேளு. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்தும்!"

"விழுப்புரம் ரோடு நேராத்தானே போவுது? இது எதுக்கு அத்தினி சுத்து சுத்திக்கினு?"

"அந்தச் சுத்துலதான் சக்தியே இருக்குது! அம்பாசடர் யானை மாதிரி. இது மான் மாதிரி."

"யானை மேல நாலு பேரு ஏறலாம். மான் மேல எங்கம்மா எங்க உக்காருவாங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"அதான் பேஜாரு. ரெண்டே சீட்டு. என்ன பண்றது, சொல்லு?"

காந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சண்டை வரும் என்று நினைத்தேன். அவளோ தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். "சரி, விழுப்புரம் வரைக்கும் போய்ப் பாக்கலாம்." அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ரோடெல்லாம் வேடிக்கை. பஸ்ஸில் போனவர்கள் மேலிருந்து என் வழுக்கையை ஆராய்ந்தார்கள். முன்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய ஒரு லாரி தூசியை வாரி எங்கள் தலையில் கொட்டியது. நான் பெட்ரோலை மிச்சம் பிடிக்க நாலாவது கியரில் உருட்டிக்கொண்டு போனேன். கார் இருமியது.

"இது ஓட வேண்டிய எஞ்சினுங்க. நீங்க நடக்க வச்சிக்கினு போறீங்க. கீழ் கியருக்கு வாங்க, நல்லா மிதிங்க!"

"உனக்கு என்ன தெரியும்?"

கூட்டேரிப்பட்டு டீக்கடை எதிரே கார் செத்துப் போய் நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பி என் கை வலித்ததுதான் மிச்சம். கூட்டம் கூடிவிட்டது.

"எறங்கித் தள்ளுங்க. லைட் வெயிட்டுதானே?" என்றாள் காந்தா.

தள்ளினேன். காந்தா என் சீட்டுக்கு நகர்ந்தாள்.

"நீ எதுக்கு அங்க?"

"ஸ்டேரிங்கை யாராவது புடிக்கணுமில்ல?"

அவள் காலால் என்னவோ செய்தாள். எஞ்சின் வீறிட்டது. கார் பாய்ந்தது. நான் ரோட்டில் குப்புற விழாமல் தப்பினேன்.

"காந்தா! நிறுத்து!"

"நிறுத்துனா மறுபடி அணைஞ்சிடும்! நீங்க பின்னால வாங்க!"

பெண் பார்க்கப் போனபோது 'செஞ்சிப் பக்கத்துல இருக்குற நெலத்துல எங்க பொண்ணு டிராக்டரே ஓட்டும்' என்று அவள் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பெருமைக்குச் சொல்கிறார் என்று அன்று சிரித்தேன். இப்போது டீக்கடையே சிரித்தது.

டீ குடிக்க அங்கே நிறுத்தியிருந்த அந்த மல்லாட்டை லாரிக்காரனே இரக்கப்பட்டு மூட்டை மேல் ஏற்றிக்கொண்டான். விழுப்புரத்தில் மாமியார் வீட்டுக்கு உடம்பெல்லாம் தூசியாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சிவப்புக் கார். ஓட்டுகிற சீட்டில் காந்தா. பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மாமியார்.

"வாங்க மாப்ளே! அருமையான வண்டி. அம்பாசடர்ல உக்காந்தா எனக்குக் கொமட்டும். இதுல ஜிலுஜிலுன்னு காத்து வருது!"

நான் காந்தாவிடம் குனிந்து கிசுகிசுத்தேன். "யோசிச்சுப் பாத்தேன். நமக்கு அம்பாசடர்தான் சரி. சாயந்திரம் சவுரிராயன்கிட்ட வண்டியைக் குடுத்துடலாம்."

"மருந்துக் கடையிலேர்ந்து அவருக்குப் போன் போட்டு, வண்டி எங்களுக்குத்தான்னு சொல்லிட்டேங்க. நீங்க சொன்னாப்ல அந்தச் சுத்துலதான் சக்தியே இருக்குது!"

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"ரெண்டே சீட்டு வண்டியை எதுக்குத் தேடிப் புடிச்சீங்கன்னு எனக்குத் தெரியாதாங்க?" என்றாள், அம்மா காதில் விழாமல். பிறகு குரலை உயர்த்தினாள். "அம்மா நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க, பத்து நாளைக்கு. நாங்க முண்டியம்பாக்கம் பக்கம் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வர்றோம். நீங்க ஜல்தியா பஸ்ஸைப் புடிங்க. பொழுது சாய்ஞ்சா அம்மா சாப்பிட மாட்டாங்கன்னு தெரியுமில்ல? போனதும் உப்புமா கிண்டி வச்சிடுங்க."

நாங்கள் ஜைனர்கள். இருட்டினால் அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதனால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு திண்டிவனம் வந்து, வேர்க்க விறுவிறுக்கக் கிண்டி இறக்கினேன். சூரியன் மறைவதற்குள் சிவப்புக் கார் வாசலில் வந்து நின்றது.

உப்பு கம்மி என்றார் மாமியார்.