எருமை பூவாத்தாளுக்குப் போர் அடித்த கதை

ஒரு காட்டில், சொந்தமாக யோசிக்க யாருக்கும் நேரமில்லாத ஒரு காட்டில்தான், பூவாத்தாள் என்ற எருமை இருந்தாள். காலையில் மேய்வாள். மத்தியானம் குட்டைச் சேற்றில் படுத்து, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுவாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

டவுனுக்குப் போய்ச் செல்போனோடு திரும்பிய குரங்கு கிட்டான் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா, தின்னதையே திரும்பத் தின்னுட்டிருக்கே. போர் அடிக்கலையா?"

"அப்படின்னா என்னடா?"

"இங்கிலீஷ்க்கா. ஒரே வேலையைச் செஞ்சா சலிப்பு வரணும். டவுன்ல எல்லாருக்கும் வருது. உனக்கு வரலைன்னா மூளை இல்லைன்னு அர்த்தம்."

கிட்டான் துரை மட்டும் பொழுதன்னைக்கும் ஒற்றைக் கட்டைவிரலால் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். அது கணக்கில் வராதாம்.

பூவாத்தாளுக்கு மானம் போயிற்று. அசைபோடுவதையே நிறுத்திவிட்டாள், மடச்சி. சாயங்காலத்துக்குள் வயிறு தவில் மாதிரி உப்பி, மூச்சு முட்டியது. மறுபடி அசைபோடப் பார்த்தாள். வெட்கத்தில் ஒன்றும் மேலே வரவில்லை. கன்றுக்குட்டி பாலுக்கு அழுதது.

"ஐயோ, நான் செத்தா இதுக்கு யாரு இருக்கா?" என்று அலறிக்கொண்டு முனைவர் தாண்டவராய நரியிடம் ஓடினாள். "ஐயா, அந்த எழவெடுத்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. வந்த வழியே துரத்திடறேன்."

நரிக்கு வாய் ஊறியது. காட்டையே கூட்டி உட்காரவைத்தார்.

"இச்சொல்லின் பிறப்பு குறித்து மூன்று கருத்துகள் உள. ஆங்கிலத்தில் துளையிடுவதற்கும் இதே சொல்தான். மெல்ல மெல்லக் குடைவதால் வந்தது என்பர் சிலர். பிரெஞ்சிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். யாருக்கும் தெரியாது என்பது மூன்றாவது. முதலில் மூன்றாவதை விரிவாகப் பார்ப்போம்."

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மான் தூங்கிற்று. கிட்டான் குறட்டையே விட்டான். பூவாத்தாளுக்கும் கண் சொருகியது. வெட்கம், மானம் எல்லாம் மறந்து தாடை தானாக அசைந்தது. ஒரு பெரிய ஏப்பம் வந்தது. வயிறு வடிந்தது. கன்று ஓடிவந்து மடியில் முட்டியது.

"கண்டீர்களா! சொற்பொருள் விளங்கியதும் நோய் தீர்ந்தது!" என்று நரி கூவினார். திடுக்கிட்டு விழித்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்னம்மா விளங்கியது? நாலு பேர் கேட்கச் சொல்."

பூவாத்தாள் நிதானமாக மென்றுகொண்டே சொன்னாள்: "எல்லாமே விளங்கிடுச்சுங்கய்யா. தயவுசெஞ்சு திரும்பச் சொல்லிடாதீங்க."

நீதி: அறிஞர் பேச்சு விளங்கவில்லையே என்று கவலைப்படாதே; சாப்பிட்டது செரித்ததா, அதைப் பார்.