ஆறாயிரம் வேகமும் ஒரு கோழித்தலையும்

"ஆறாயிரம் வேகம்னு சொல்லித்தானே என் கணினிக்கு இந்த ரேமை வாங்கிப் போட்டீங்க? நாலாயிரத்து எண்ணூறுன்னு காட்டுதே!" என்றார் முதலாளி லியாவ்.

கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் யூசெங் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆண்டிறுதி விருந்து. தைப்பேயில் அன்று மேசைக்கு வரும் முழுக்கோழியின் தலை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறதோ, அவருக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

"தம்பி, இந்த வருஷம் கோழி உன்னைத்தான் பார்க்கப் போகுது," என்று கணக்குப் பிரிவு ஷுஃபென் அக்கா வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்.

யூசெங் கணினியின் அடிப்படை அமைப்புகளுக்குள் புகுந்து வேகத்தை ஆறாயிரத்துக்கு ஏற்றிவிட்டார். திரை கறுத்துப்போனது. மாற்றியதை அழிக்க, உள்ளே போர்டிலிருந்த பேட்டரியைக் கழற்றி மாட்டினார். உயிர் வந்தது, வேகம் மட்டும் பழைய கதைதான். இரண்டு ரேம் போதவில்லை போலும் என்று இன்னும் இரண்டைச் சொருகினார்.

வேகம் இன்னும் இறங்கி மூவாயிரத்து அறுநூறு!

பதறிப்போய்ப் பிடுங்கியதில், சொருகுமிடத்தின் கொக்கி பட்டென்று உடைந்தது. நான்கையும் அப்படியே விட்டு, கொக்கியைப் பசை போட்டு ஒட்டி மூடினார். கணினி மக்கர் பண்ணாமலிருக்க ஊரே வைக்கும் பச்சைப் பொட்டல நொறுக்குத்தீனியை அதன் தலையில் வைத்துக் கும்பிட்டார்.

"சரியாயிடுச்சு முதலாளி."

"அடேங்கப்பா, இப்ப பறக்குதே!" என்றார் லியாவ்.

குத்திக்காட்டுகிறார் என்றே யூசெங்குக்குப் பட்டது. வெள்ளி வரை சோறு இறங்கவில்லை.

விருந்தில் கோழி வந்தது. பணிப்பெண் தட்டை வைத்துவிட்டு ஓடினாள். தலை நேராக யூசெங்கைப் பார்த்தது. லியாவ் திகைத்துப்போய்க் கோழியையே பார்த்தார்.

யூசெங் எழுந்தார். "புரிஞ்சுது முதலாளி. வேகம் கூடல, குறைஞ்சுதான் போச்சு. கொக்கியை உடைச்சு ஒட்டினதும் நான்தான். நானே போயிடறேன்!" கண்ணில் நீர் முட்டியது.

லியாவின் முகம் சிவந்தது. "உடைச்சீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே! அதுக்கு மேல பொய் வேறயா? போங்க. திங்கட்கிழமை வர வேண்டாம்."

யூசெங் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். எதிரே பணிப்பெண் இன்னொரு தட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க, தட்டு மாறிப்போச்சு! அது பக்கத்து மேசைக் கோழி. யாரும் பயப்படக் கூடாதுன்னு உங்க முதலாளி தலையில்லாத கோழிதானே கேட்டிருந்தாரு!"