அசையாத அறுபத்தெட்டு

தெருவில் அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவது உத்தியோகம். எந்த இருட்டு மூலையில் தொங்கினாலும் சரி, கழுத்தை ஒரு சாய்ப்பு சாய்த்து ஒரே பார்வையில் எண்ணைச் சொல்லிவிடுவார். "என் கண்ணு ஏமாந்ததா சரித்திரமே கிடையாது" என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மீட்டர் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இதுதான். அவருக்குச் சுருட்டு என்றால் உயிர். சுருட்டோடு இருமலும் வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். மனைவி கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். "என் உயிரைக் கேளு, தர்றேன். சுருட்டை மட்டும் கேக்காதே" என்று வசனம் பேசினார். அந்த வசனத்தை முடிப்பதற்குள் நாலு தடவை இருமினார்.

அந்தச் சமயம் பார்த்து அவளுடைய அண்ணன், கப்பலில் சமையல்காரர், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு கட்டு உசத்தியான சுருட்டோடு வந்து இறங்கினார். கொடுத்த கையோடு வாயையும் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, இதுக்கு ஈரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நனைஞ்சா பூஞ்சை, காஞ்சா சருகு. உங்ககிட்ட இருந்தா ஒரே மாசத்துல விறகுதான்."

மீட்டர்காரருக்குச் சுருக்கென்றது. "அடுத்த தடவை கப்பல் வரட்டும் மச்சான். வந்து தொட்டுப் பாருங்க" என்று சபதமே போட்டுவிட்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சபதத்துக்குத் துணை நின்றவள் மனைவி. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள்; துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். பழைய ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, வாடை போகிறவரை வெயிலில் காய வைத்தாள். ஈரம் காட்டுகிற மீட்டரைக்கூட அவளே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்!

மீட்டர்காரர் பெட்டிக்குள் தேவதாருப் பலகை அடித்தார். கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்தார். சுருட்டுகளைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தினார். மீட்டரின் கம்பி பெட்டிக்கு உள்ளே, எண் தெரிகிற முகம் வெளியே. பார்த்தார். அறுபத்தெட்டு! இருக்கவேண்டிய அளவு அச்சு அசலாக இருந்தது.

மறுநாளும் அறுபத்தெட்டு. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, அறுபத்தெட்டு. வெயில் மண்டையைப் பிளந்தது, அறுபத்தெட்டு. மீட்டர்காரரின் மார்பு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. சலூனில் சொன்னார், ஆபீசில் சொன்னார், மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பத்த வச்சுக்கோங்களேன். பாவமா இருக்கு" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"என்ன பேச்சு பேசுற நீ? மூடியைத் திறந்தா காத்து உள்ள வரும். காத்து வந்தா ஈரம் போகும். ஈரம் போனா என் அறுபத்தெட்டு போகும்!"

"ஐயையோ, தெரியாம சொல்லிட்டேன். திறக்கவே திறக்காதீங்க."

"மச்சான் வர்ற வரைக்கும் ஒரு ஈ கூட உள்ள போகக் கூடாது."

"அப்ப கடையில வேற வாங்கிக்கிறீங்களா?"

"அறுபத்தெட்டுல சரக்கு வச்சிருக்கிறவன் கடையில காஞ்சு தொங்குறதைக் குடிப்பானா? என்னை என்னன்னு நினைச்சே?"

"அதானே! உங்க கௌரவம் என்ன ஆகுறது!"

மாதங்கள் ஓடின. கப்பல் வந்தது. மச்சானைச் செருப்புக்கூடக் கழற்ற விடாமல் பெட்டிப் பக்கம் இழுத்துப் போனார் மீட்டர்காரர்.

"பாருங்க மச்சான். நீங்க போனதிலேருந்து ஒரு புள்ளி அசையல!"

"ஒரு புள்ளி கூடவா?" மச்சான் குனிந்து உற்றுப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். அறுபத்தெட்டு அப்படியே உரிந்து அவர் விரலோடு வந்துவிட்டது.

"மாப்பிள்ளை, இது மாதிரிக்காக ஒட்டி விக்கிற ஸ்டிக்கரு!"

அடியில் நிஜமான எண் மினுங்கியது. அறுபத்தேழு.

மீட்டர்காரர் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஊரார் மீட்டரை எல்லாம் படித்தவர், இத்தனை நாளும் ஸ்டிக்கரைப் படித்திருக்கிறார்!

மச்சான் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சுருட்டை எடுத்து, அமுக்கி, முகர்ந்து பார்த்தார். "அடேயப்பா, பதம்னா இதுல்ல பதம்! யாரு பார்த்துக்கிட்டது?" என்று அதை உள்ளே வைத்து மூடினார்.

தையல் மிஷின் நின்றது.

"நான்தாண்ணே. தினம் ஸ்டிக்கர் ஓரத்தைத் தூக்கித் தூக்கி எண்ணைப் பார்ப்பேன். இறங்கினா பஞ்சை நனைப்பேன், ஏறினா மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். இது கெட்டுப்போச்சுன்னா மனுஷன் மறுபடி கடைக்குப் போயிடுவாரே!"

"ஸ்டிக்கருன்னு உனக்கு எப்படி... எப்பத் தெரியும்?" என்றார் மீட்டர்காரர்.

"வாங்கும்போதே தெரியும்ங்க. கடைக்காரர் உரிக்க வந்தாரு. நான்தான் இருக்கட்டும்னேன்." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "அதானே பார்த்தேன்! வந்ததிலேருந்து மாப்பிள்ளை ஒரு தடவை கூட இருமலையே!"

மீட்டர்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "இப்பப் பாரு, உன் கண்ணு முன்னாலேயே ஒண்ணைப் பத்த வைக்கிறேன்!"

மூடியை முழுசாகத் தூக்கினார். கை உள்ளே போனது. கண் மட்டும் பழக்கதோஷத்தில் மீட்டர் பக்கம் போனது. அறுபத்தாறு. அறுபத்தைந்து. அறுபத்து மூன்று.

"ஐயோ, போகுது! போகுது!"

படாரென்று மூடியைச் சாத்தி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். கையில் ஒன்றும் இல்லை.

மனைவி மிஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். "அண்ணே, அந்த ஸ்டிக்கரைக் குப்பையில போட்டுடுங்க. இனிமே அது தேவைப்படாது."