சுபுஹுக்குப் போன போன்

"நாளையிலேருந்து தினமும் விடிகாலை சுபுஹுத் தொழுகை பள்ளிவாசல்லதான்" என்று மெத்தைக்கடைக்காரர் அறிவித்தபோது, அவர் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்தலாம். ஆனா நீங்க பெருநாள் தொழுகைக்கே கடைசி வரிசைக்குத்தான் போய்ச் சேர்ற ஆளாச்சே. அதான் கேட்டேன்."

மெத்தைக்கடைக்காரர் முகத்தை ஒரு மகானைப் போல வைத்துக்கொண்டார். அவருக்கு மகான் முகம் பழக்கமில்லை என்பதால் அது பல்வலிக்காரர் முகம் போல வந்தது.

உண்மையில் பல்வலி வீட்டில் வேறொருத்திக்குத்தான். பாப்பாவுக்கு முதல் பல் முளைத்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் அரையும் குறையுமாகத் தூங்குகிறவள், கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் சரியாக எழுந்து உட்கார்ந்து, வீட்டை விலைக்கு வாங்கியவள் மாதிரி சத்தம் போடுவாள். மடியில் வைத்தால் பத்தாது. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நின்றால் கூச்சல். உட்கார்ந்தால் ரகளை.

"ராத்திரி முழுக்க நான் பார்த்துக்கறேன். விடியிற அந்த ஒரு நேரம் மட்டும் நீங்க தூக்கி வச்சுக்கங்க. நான் தொழுதுட்டுக் கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று மனைவி கேட்டிருந்தாள். நியாயமான கோரிக்கை. நியாயமான கோரிக்கை என்பதுதான் அதிலிருந்த பெரிய சங்கடம். மறுக்க வழியில்லை. அந்த விடிகாலைத் தூக்கமோ அவருக்கு உயிர். மற்ற நேரத்துத் தூக்கமெல்லாம் அவருக்குச் சும்மா படுத்திருப்பது. விடிகாலையில் தூங்குவதுதான் தூக்கம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிவாசல் செயலி வந்தது.

சுபுஹுக்கு ஆள் வருவது குறைந்து, முதல் வரிசையே பாதிதான் நிரம்புகிறது என்று நிர்வாகம் கவலைப்பட்டது. தலைவர் கம்ப்யூட்டர் படித்தவர். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். எல்லோரும் போனில் அந்தச் செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். போன் பள்ளிவாசலுக்குள் நுழைந்தவுடன் ஜமாஅத்தார் எல்லோர் திரையிலும் போன்காரர் பேருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். இன்னார் வந்துவிட்டார் என்று மொத்த ஊருக்கும் தெரிந்துவிடும். முன்பெல்லாம் ஒருவர் தொழுகிறாரா என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் இருந்தது. இப்போது நடுவில் ஒரு பச்சை விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

செயலியைப் பார்த்த மாத்திரத்தில் மெத்தைக்கடைக்காரருக்கு ஞானம் பிறந்தது. பச்சை விளக்கு போனுக்குத்தான் எரிகிறது. மனுஷனுக்கு இல்லை.

மறுநாள் இருட்டோடு எழுந்தார். பாப்பா கூச்சலை ஆரம்பித்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த மனைவியிடம், தொப்பியைச் சரிசெய்தபடி, "உனக்கும் சேர்த்து துஆ செய்யறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். பள்ளிவாசலுக்குப் போகும் பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் அப்போதுதான் வண்டியைத் துடைத்து முடித்திருந்தார். மழையானாலும் பனியானாலும் சுபுஹை விடாத மனுஷர்.

"அண்ணே, ஒரு உதவி. இந்தப் போனையும் உங்க பையில போட்டுட்டுப் போங்க."

"எதுக்கு? ரிப்பேரா?"

"போன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்." விஷயத்தைச் சொன்னார்.

டாக்சிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவி! இந்தப் பாவத்தை நான் எதுக்குய்யா சுமக்கணும்?"

"பாவம் என் கணக்குண்ணே. நீங்க போனை மட்டும் சுமங்க. வெயிட்டே இல்ல."

"நீ எங்க போகப் போற?"

"கடைக்கு."

கடை பள்ளிவாசல் தெருவிலேயே இருந்தது. உள்ளே ஏழெட்டு மெத்தைகள், எல்லாம் புத்தம் புதுசு. வாடிக்கையாளர்களிடம் அவர், "படுத்துப் பாருங்க சார், எழுந்திருக்கவே மாட்டீங்க" என்பார். சிலர் பயந்துபோய் வெளியே போயிருக்கிறார்கள். திரையை இழுத்துவிட்டு, கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, இருப்பதிலேயே மெத்தென்ற மெத்தையில் அவர் சாய்ந்தார். தெருக்கோடியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. மனசு லேசாக உறுத்தியது. அல்லாஹ் மன்னிக்கிறவன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பாப்பா அப்படியில்லை.

தொழுகை முடிந்ததும் டாக்சிக்காரர் கதவைத் தட்டிப் போனைக் கொடுத்தார். "பிடி. உன் போன் நல்லாத் தொழுதுச்சு. நடுவுல ஒரு தடவை அதிர்ந்துச்சு, அவ்வளவுதான்."

ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. செயலியின் குழுவில் அவர் பேருக்கு மாஷா அல்லாஹ்க்கள் குவிந்தன. இதயங்கள் பறந்தன. பழகப் பழக அவருக்கே தான் தொழப் போய் வருவதாக ஒரு பிரமை தட்டிவிட்டது. சுபுஹுக்கு வராதவர்களை நினைத்து வருத்தப்பட ஆரம்பித்தார். ஒரு நாள், போன் கைக்குத் திரும்பி வந்ததும், குழுவில் குரல் பதிவே அனுப்பினார். "சகோதரர்களே, தூக்கத்தை விடத் தொழுகை மேலானது. மெத்தை நம்மை இழுக்கும். நாம்தான் விடுபட வேண்டும்." அதைப் பேசும்போது அவர் இன்னும் மெத்தைமேல்தான் இருந்தார். குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது. கேட்டவர்கள் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில்தான் முதல் கோணல் வந்தது.

"என்னங்க, கன்னத்துல என்ன கட்டம் கட்டமா?"

தடவிப் பார்த்தார். மெத்தைத் தையல் அப்படியே கன்னத்தில் அச்சாகியிருந்தது.

"அது... பள்ளிவாசல் கம்பளம். இன்னிக்கு ஸஜ்தா கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு."

"ஓ."

அவள் பாப்பாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"ஸஜ்தால நெத்தியைத்தானே தரையில வைப்பாங்க?"

"ஆமா."

"உங்களுக்கு மட்டும் கன்னத்துல எப்படி விழுந்துச்சு?"

மெத்தைக்கடைக்காரர் அவசரமாகத் தேநீரை விழுங்கினார். சூடு நாக்கைப் பொசுக்கியதில் பேச முடியாமல் போனது. அந்த நேரத்தில் அது பெரிய அருள்.

அடுத்த நாளிலிருந்து மல்லாந்து படுத்தார். கன்னம் தப்பியது. ஆனால் இரண்டாவது கோணல் சோற்றுத் தட்டோடு வந்தது.

"பள்ளிவாசல்ல கேமரா வச்சிருக்காங்களாமே. சுபுஹு தினமும் லைவ்ல வருதாம். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டம்மா சொன்னாங்க."

"அப்படியா?"

"நானும் ரெண்டு நாளாப் பார்க்கிறேன். பாப்பாவைத் தூக்கிட்டு நடந்துகிட்டே. எல்லாரும் தெரியறாங்க. டாக்சி அண்ணன் பளிச்சுன்னு தெரியறாங்க. உங்க பச்சை விளக்கும் எரியுது. நீங்கதான் தெரிய மாட்டேங்கறீங்க."

"நான் தூணுக்குப் பின்னாடி நிப்பேன்."

"தூணா?"

"கேமரா கண்ணுல படக்கூடாதுன்னுதான். தொழுகையைப் போய்ப் படம் காட்டலாமா? எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சொல்லி முடித்தபோது அவருக்கே புல்லரித்தது. மனைவி "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சண்டை இல்லை. குறுக்குக் கேள்வி இல்லை. கலியாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக எதையும் நம்பியதில்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குக் கூட்டம் வாசல்வரை நிறைந்திருந்தது. மெத்தைக்கடைக்காரரும் வந்திருந்தார், முழு உடம்போடு. தொழுகை முடிந்ததும் அதை நடத்திய ஹஜ்ரத் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"நம்ம மோதினார் பேரப்பிள்ளையைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போகிறார். அவர் வரும்வரை விடிகாலையில் பள்ளிவாசலைத் திறந்து சுபுஹுக்குப் பாங்கு சொல்ல ஒருவர் வேண்டும். பாங்கு இனிமேல் செயலி வழியாக ஒவ்வொரு வீட்டுப் போனிலும் முகத்தோடு நேரலையாக வரும். யார் இதற்குத் தகுதி என்று யோசித்தோம். ஒரு நாள் தவறாமல் வருகிறவர். வருவதைக்கூட வெளியே காட்டாமல், கேமராவுக்குக் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து தொழுகிற அடக்கசாலி. பாங்கு சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை என்று கேள்விப்பட்டோம். வாய் திறந்து கேட்கத்தான் வெட்கம்."

மெத்தைக்கடைக்காரர் யார் அந்தப் புண்ணியவான் என்று ஆவலாகத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்சிக்காரர் தோள் குலுங்கக் குலுங்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். எத்தனையோ பேர் கட்டிப் பிடித்தார்கள். சிலர் கண் கலங்கினார்கள். இவருக்கும் கண் கலங்கியது. காரணம்தான் வேறு.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தார்.

"நீயா சொன்னே?"

"என்னத்தைங்க?"

"எனக்குப் பாங்கு சொல்ல ஆசைன்னு!"

"ஹஜ்ரத் வீட்டம்மாவுக்கு ஒரு குரல் பதிவு போட்டேன். நான் ரெண்டு வார்த்தை கோர்வையா எழுதினாலே கை நடுங்கும். அதான் பேசி அனுப்பிட்டேன். தப்பா?"

"எனக்கு ஏது அப்படி ஆசை?"

"வெளிய காட்டிக்க மாட்டீங்களே நீங்க. நாங்கதானே புரிஞ்சுக்கணும்."

"ஏம்மா, எனக்குக் குரலே கிடையாது!"

"குளிக்கிறப்போ என்னமாப் பாடறீங்க. அடுத்த தெரு வரைக்கும் கேட்குது. மைக் வச்சுச் சொன்னா ஊருக்கே கேட்காதா?"

மெத்தைக்கடைக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வேறு வழியே தோன்றவில்லை. டாக்சிக்காரரிடம் சாவியைக் கொடுத்து அனுப்பலாம். முகத்தை எப்படிக் கொடுத்து அனுப்புவது?

"இன்னொண்ணுங்க" என்றாள் மனைவி. சாதாரணமாக, துணி மடிக்கிற மாதிரி சொன்னாள். "பாப்பா அந்த நேரத்துக்கு எப்படியும் முழிச்சிருவா. அவளையும் தூக்கிட்டுப் போயிடுங்க."

"பாங்கு சொல்ற இடத்துக்குப் பிள்ளையையா! ஊர் என்ன சொல்லும்?"

"நபிகள் நாயகம் பேத்தியைத் தோள்ல வச்சுக்கிட்டே தொழுதிருக்காங்களே. ஹஜ்ரத்தையே கேட்டுட்டேன். தாராளமாக் கூட்டிட்டு வரச் சொல்லுங்கன்னுட்டாரு."

நபியே செய்த காரியத்துக்கு எதிராக வாதாட என்ன மிச்சமிருக்கிறது?

"அப்புறம், டாக்சி அண்ணன்கிட்டக் குடுத்து அனுப்பிடலாம்னு மட்டும் பார்க்காதீங்க" என்றாள் அவள், பாப்பாவின் மூக்கைத் துடைத்தபடி. "இவ போன் மாதிரி இல்ல. இவளை சைலண்ட்ல போட முடியாது."

மெத்தைக்கடைக்காரருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க நினைத்தார். கேட்டால் பதில் வரும். அதனால் கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலை. ஒரு தோளில் பாப்பா, ஒரு கையில் சாவி. கடையைத் தாண்டும்போது கண்ணாடிக்குள் மெத்தைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு நிமிஷம் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டார். நின்றவுடன் பாப்பா கூச்சல் போட்டாள். நடந்தார்.

பள்ளிவாசலைத் திறந்து, விளக்கைப் போட்டு, பச்சைத் தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்து நடுங்கியபடி கேமராவுக்கு முன்னால் நின்றார். பாப்பா இடுப்பில். காதில் விரல் வைக்க ஒரு கைதான் மிச்சம். "அல்லாஹு அக்பர்" என்று ஆரம்பித்தார். குரல் கரகரத்தது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "ஆ... ஆ..." என்று தன் பங்குக்கு ஓர் இழுப்பு இழுத்தாள். அடுத்த வரி. மறுபடி "ஆ... ஆ..." கடைசி வரை ஒரு வரியையும் விடவில்லை.

வீடு வீடாகப் போன்கள் அந்தக் குரலோடு விழித்தன. இப்படியொரு பாங்கை யாரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தவர்கள் எழுந்த சூட்டில் தொழவும் வந்துவிட்டார்கள். முதல் வரிசை நிரம்பி இரண்டாவது வரிசையும் கட்டியது. தொழுது முடித்த பெரியவர்கள் பாப்பாவைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். மெத்தைக்கடைக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதுதான் சமயம் என்று தலைவரிடம் போனார்.

"மோதினார் எப்ப வர்றாரு?"

"இப்பத்தான் செய்தி அனுப்பினாரு. உங்க பாங்கை அங்கிருந்தே பார்த்தாராம். இனி கவலையில்ல, பேரனோட இருந்துட்டு நிதானமா வர்றேன்னாரு." தலைவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நீங்களும் ஒரு நாள்கூடப் பிள்ளை இல்லாம வந்துடாதீங்க. கூட்டமே அவளுக்குத்தான்."

வெளியே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. டாக்சிக்காரர் வண்டியை எடுத்தபடி, "இன்னிக்கு நீயும் தொழுதுட்ட, உன் போனும் தொழுதுடுச்சு" என்று சிரித்தார். மெத்தைக்கடைக்காரர் தலை நிமிர்ந்து நடந்தார். ஊரே பார்த்திருக்கிறது. வீட்டில் அவள் பார்த்திருப்பாள். மனசு இளகியிருக்கும். ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லாமலா போய்விடுவாள்?

கதவைத் தட்டினார். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். பாப்பாவும் சேர்ந்து தட்டினாள். கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மனைவி நின்றாள். முகத்தில் எத்தனையோ மாதமாகக் காணாத ஒரு தெளிச்சி.

"எப்படி? லைவ்ல பார்த்தியா?" என்றார், மூச்சிரைக்க.

"எங்கேங்க... போனை அணைச்சு வச்சுட்டு நல்லாத் தூங்கிட்டேன்."