இது யாரோட கோடிங்?

"நம்ம ஆப் கிராஷ் ஆயிடுச்சாம்!" என்று மேசையைக் குத்தினார் டீம் லீடர். அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலகம் வைத்திருந்த பெயர் கடுகு. அன்று காலையிலிருந்தே வெடித்துக்கொண்டிருந்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஊரெல்லாம் கிளை வைத்திருந்த சலவைக்கடை ஒன்று இவர்கள் செய்த ஆப்பில்தான் ஓடியது. "அவங்களும் போயிட்டா உங்க டீமைக் கலைச்சுடுவேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கடையிலிருந்துதான் இப்போது கிராஷ் ரிப்போர்ட். "அவசரம், பாருங்க" என்று ஒரு வரி, அதன் கீழே வாய்க்குள் நுழையாத எண்கள்.

அந்த எண்களை மனிதர் படிக்கிற மாதிரி மாற்றுவதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. கறுப்புத் திரையில் அதை அடித்து, கிராஷ் ஆன ஆப்பின் வரிகளைப் பெயரோடு குறித்துவைத்த கோப்பையும் காட்டினால், எந்த எண் யார் எழுதிய எந்த வரி என்று சொல்லிவிடும். கடுகு அடித்தார். 'ரிப்போர்ட்டும் கோப்பும் பொருந்தவில்லை' என்றது திரை.

"எனக்கே பாடம் எடுக்குதா?" பொருந்தாவிட்டாலும் மாற்றித் தொலை என்கிற கட்டளையைச் சேர்த்து ஓங்கித் தட்டினார். மாற்றித் தந்தது.

"தள்ளுபடிக் கணக்கு! இது யாரோட கோடிங்?"

பக்கத்து இருக்கைப் பெண் எழுந்தாள். "என்னோடதுதான் சார். ஆனா பொருந்தலைன்னு அதுவே..."

"வாயை மூடிட்டு அதைத் தூக்கு!"

தூக்கினாள். புதுப் பதிப்பு கடைக்குப் போனது. மதியம் இன்னொரு ரிப்போர்ட் வந்தது. இந்தமுறை கட்டளை ரசீதைக் கைகாட்டியது.

"நீங்க சொல்லித்தான் சார் அப்படி எழுதினேன்" என்றான் துணை லீடர்.

"நான் சொன்னா கிணத்துல குதிப்பியா? தூக்கு!"

ரசீது போனது. அடுத்த ரிப்போர்ட்டுக்கு முகவரிப் பக்கம் போனது. அதற்கடுத்தது லாகினைக் காட்டியபோது எல்லோரும் கடுகைத் திரும்பிப் பார்த்தார்கள். லாகின் கடுகு எழுதியது.

"என் மூஞ்சியில என்ன படமா ஓடுது?" என்று கத்திவிட்டு அதையும் அவரே தூக்கினார். இப்போது ஆப்பைத் திறந்தால் கடையின் படம் மட்டும் வரும். தொட்டால் ஒன்றும் ஆகாது.

"இனிமே கிராஷ் ஆகட்டும், பாக்கறேன்!"

ஆனது. ரிப்போர்ட்டும் வந்தது.

கடுகுக்கு ரத்தம் தலைக்கேறியது. கடைக்கே போன் போட்டார். கவுன்ட்டர் பெண் எடுத்தாள்.

"என்னம்மா பண்றீங்க எங்க ஆப்பை? வேணும்னே கிராஷ் பண்றீங்களா?"

"ஐயோ, கிராஷ் ஆகறது துணி எடை போடற மெஷின்காரங்க ஆப் சார்! உங்களுது நேத்து வரைக்கும் ஒருதடவைகூட மக்கர் பண்ணலையேன்னுதான், அதையும் உங்ககிட்டயே கொடுத்துடலாம்னு முதலாளி ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னாரு."