நான்காம் நாள் பாடம்

“முந்நூத்திப் பன்னிரண்டு பேரு! ஓசியில படிக்கத் தெரியுது, ஒரு புத்தகம் வாங்கத் துப்பில்ல!”

மெக்கானிக் மடிக்கணினியை அறைந்து மூடினார். சாப்பாட்டு மேசையே ஆடியது.

அவர் எழுதிய மின்னூலின் பெயர் ‘உங்கள் வாஷிங் மெஷின் உங்கள் கையில்’. அதை விற்பதற்காக ஐந்து நாள் இலவச மின்னஞ்சல் கோர்ஸ் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெயரைப் பதிந்தால் போதும், தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பாடம் தானாகவே போய்ச் சேரும். ஐந்தாம் பாடத்தின் அடியில் ‘புத்தகம் வாங்க’ என்று ஒரு பொத்தான். அதை இதுவரை ஒரு ஈ காக்காகூடத் தொடவில்லை.

மச்சினனின் சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் மெஷின் கழற்றியவர் அவர். “மாமாவுக்குக் கை ஓடுற அளவுக்கு மூளை ஓடாது” என்று வாடிக்கையாளர் முன்னால் மச்சினன் சொன்ன அன்று, ஸ்பானரை வீசிவிட்டு வெளியே வந்தார். சனிக்கிழமைக்குள் ஒரு பிரதியாவது விற்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அங்கேயே போய் நிற்க வேண்டும். இது மனைவியின் தீர்ப்பு.

“அஞ்சு நாள்ல எல்லாத்தையும் நீங்களே கொட்டிட்டீங்க. அப்புறம் புத்தகம் எதுக்குங்க வாங்கணும்?” என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்டால்தான் இந்த மனிதருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

மூன்றாம் நாள் பாடம், பின்பக்க மூடியையும் பெல்ட்டையும் கழற்றுவது. நான்காம் நாள், திரும்ப மாட்டுவது. நான்காம் பாடத்தை அடியோடு தூக்கிவிட்டு, ‘மாட்டும் முறை புத்தகத்தில், ஏழாம் அத்தியாயம்’ என்று ஒரே ஒரு வரி போட்டார்.

“இப்ப வாங்கித்தானே ஆகணும்!”

வாங்கவில்லை. திட்டினார்கள். “ரெண்டு நாளா மெஷின் தொறந்து கிடக்கு, என் யூனிஃபார்ம் உள்ள மாட்டிக்கிச்சு” என்று ஒரு நர்ஸ் எழுதினார். “மாட்டச் சொல்லித் தராதவன் எதுக்குய்யா கழட்டச் சொல்லித் தந்தே?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்.

மெக்கானிக்குக் கண்மண் தெரியவில்லை. ‘ஓசியில் வந்தவர்களுக்கு இவ்வளவு வாயா?’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கத்துக்கு வாங்கு வாங்கென்று வாங்கி, அதையே நான்காம் பாடமாக ஏற்றினார்.

மறுநாள் கோபம் தணிந்துவிட்டது. வசவு தணியவில்லை. அன்றைக்கு யார் யாருக்கு நான்காம் நாளோ, அவர்களுக்கெல்லாம் டாணென்று ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள், அடுத்த கூட்டத்துக்கு.

“அந்தக் கருமத்தை எடுத்துத் தொலைங்களேன்!”

“எடுத்தா பயந்துட்டேன்னு ஆயிடும்!”

வீம்பு. எடுக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, கீழே செல்போன் நம்பரையும் போட்டு, ஐந்தாம் நாளில் வைப்பதாக நினைத்து முதல் நாளில் வைத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரவேற்பே இப்படித்தான் போனது: ‘நேற்று உங்களைத் தகாத வார்த்தைகளால் திட்டியதற்கு மன்னிக்கவும்.’

“என்னை எப்ப சார் திட்டினீங்க?” என்று ஒருவர் போனில் கேட்டார்.

“நாலாம் நாள் வரும், இருங்க!”

அதன்பிறகு போன் ஓயவில்லை.

“புத்தகமெல்லாம் வேண்டாம் சார், நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்க.”

“நான் எழுத்தாளன்யா! மெக்கானிக் வேணும்னா கடைக்குப் போ!”

ஒருவரிடமல்ல, கூப்பிட்ட அத்தனை பேரிடமும் இதையே கத்தினார். தொண்டை கட்டிக்கொண்டது. ஆனாலும் ஒரே ஒரு விஷயம் அவரைத் தலைநிமிர வைத்தது. இவ்வளவு கூத்துக்கு நடுவிலும் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது.

“விளம்பரமே இல்லாம ஐந்நூறு பேரு! எழுத்துக்கு வந்த கூட்டம்டி! யாருக்கு மூளை ஓடலன்னு உன் தம்பிகிட்ட கேளு!”

“நாளைக்குச் சனிக்கிழமை” என்றாள் மனைவி.

சனிக்கிழமை மத்தியானம் கணினி ‘டிங்’ என்றது. ஒரு பிரதி விற்றிருந்தது.

“வித்துடுச்சு! போடி, போய் உன் தம்பிகிட்ட சொல்லு, நான் வரலன்னு!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வாசகர் அல்லவா? வாங்கியவர் கொடுத்திருந்த செல்போன் நம்பருக்கு, நன்றி சொல்வதற்காக அவரே போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“சர்வீஸ் சென்டர், வணக்கம்.”

அவளுக்குப் பின்னால் யாரையோ “டிரம்மைச் சுத்திப் பாருய்யா!” என்று அதட்டிய குரல் மச்சினனுடையது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் போலும், இவர் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“நான்... அந்தப் புத்தகம் எழுதினவன்...”

“ஐயோ, கோர்ஸ் சாரா? நாங்க குடுக்குற ஒவ்வொரு பில்லுக்கும் பின்னாடி உங்க கோர்ஸ் முகவரியைத்தான் சார் அச்சடிச்சுக் குடுக்கறோம், நாலாம் நாளே மெஷினைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் இங்கயே வந்துடறாங்க. ஃப்ரிட்ஜுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதுவீங்களான்னு முதலாளி கேக்கச் சொன்னாரு!”